உறுதி பேங்கிலேயே இரிக்கட்டும்

வீட்டுக்கடன் முடிஞ்சுபோச்சு என்று கேட்டதும் காய்ச்சல் பிடித்த மனிசன் ஒருவரை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? காணாவிட்டால் நாவற்குடாப் பக்கம் வாருங்கள். பெயர் உதயரூபன். வயது நாற்பத்தொன்பது. சங்கக்கடையில் மனேச்சர். ஆளைக் கண்டுபிடிப்பது சுகம். ஊரில் கடன்பட்டவர்கள் எல்லாரும் மாசம் பிறந்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவார்கள். இவர் ஒருவர்தான் சம்பளச் சிட்டையில் 'வீட்டுக்கடன் கழிவு' என்ற வரியைப் பார்த்துச் சிரிப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் தாய்க்கு ஒரு நித்திரை வருமே, அப்படி ஒரு நித்திரை அன்று பின்னேரம் அவருக்கு விறாந்தையில் வரும்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் என்றால் இருக்கிற வீட்டை அவள் பேரில் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் வளவுக்குள் பின்பக்கம் ஒதுங்க வேண்டும். வசதி உள்ளவன் பின்னுக்கு இன்னொரு வீடு கட்டுவான். இல்லாதவன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பாயை விரிப்பான். உதயரூபனும் இப்படி ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். இருபத்தைந்து வருசத்துக்கு முதல் கேதீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்கதவால் உள்ளே வரக்குள்ள, மாமனார் வல்லிபுரம் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்கதவால் வெளியே போனார். பின்னுக்கு ஓர் ஓலைக் கொட்டில். மாரி மழைக்கு வல்லிபுரம் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் படுப்பார். மாப்பிள்ளை முன்னறையில் ஓட்டுக்குக் கீழே குறட்டை விடுவார். ஒரு நாளாவது, 'மாமா, உள்ளுக்கு வந்து படுங்க' என்று கூப்பிட்டிருப்பாரா? முறை என்றால் முறைதானே என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அந்த முறை ஒரு நாள் தன்னையும் தேடி வரும் என்று இருபத்துநாலு வயதில் யாருக்குத் தோன்றும்?

பிறகு சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. அன்றைக்குக் குடும்பம் முழுக்க வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்ததால் ஆட்கள் தப்பினார்கள். வீடு தப்பவில்லை. வந்து பார்த்தால் வாசல் படி மூன்றும் மட்டும் நின்றது. படியேறினால் நேரே வானம். நிவாரணமாகக் கிடைத்த காசு அத்திவாரத்தோடு முடிந்தது. மிச்சத்துக்குப் பேங்கில் கடன், பன்னிரண்டு வருசத்துக்கு. கடலோடு போன உறுதிக்குக் காணிக் கந்தோரில் பிரதி எடுத்து, அதை ஈடு வைத்தார்கள். உறுதி கேதீஸ்வரியின் பேரில். கடன் இரண்டு பேரின் பேரிலும். கழிவு உதயரூபனின் சம்பளத்தில்.

அவர் அந்த வீட்டைக் கட்டியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மேசனுக்கு முதல் அவர் நிற்பார். சுவருக்குத் தண்ணி அடிப்பார். கல்லைத் தடவிப் பார்ப்பார். விறாந்தையைத் தன் உடம்புக்கு அளவெடுத்தே கட்டினார், கால் நீட்டினால் தூண் இடிக்காத மாதிரி. அந்த விறாந்தையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பத்திரிகை வாசிக்கும்போது தன்னை ஒரு சமீன்தார் என்றே நினைத்துக்கொள்வார்.

மேனுகா ஒரே மகள். முன்பள்ளியில் ரீச்சர். அவளுக்கு இருபத்திரண்டு முடிந்த கையோடு இளையதம்பி என்ற தரகர் வந்தார். மாப்பிள்ளையின் பெருமையை எல்லாம் கொட்டி முடித்துவிட்டு, வீடு எப்படி என்று கேட்டார். உறுதி பேங்கில இரிக்கு, கடன் முடிய இன்னும் எட்டு வருசம் கிடக்கு என்று உதயரூபன் உண்மையைத்தான் சொன்னார். இளையதம்பி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அந்தச் செருப்புச் சத்தம் படலையைத் தாண்டிய நேரத்தில்தான் உதயரூபனுக்கு ஞானம் பிறந்தது. உறுதி பேங்கில் இருக்கும் மட்டும் வீட்டை யாருக்கும் எழுத ஏலாது. எழுத ஏலாவிட்டால் விறாந்தை தன்னுடையது. அவர் கெட்ட மனிசன் இல்லை, மகள் என்றால் உயிர். பிள்ளைக்கு இப்ப என்ன அவசரம், முப்பதிலயும் முடிக்கலாந்தானே என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். குடையோடு படுத்து எப்போதோ செத்துப்போன வல்லிபுரம் மட்டும் அடிக்கடி கனவில் வந்து, எப்ப வாறாய் என்று கேட்பார்.

நாட்டில் சண்டை முடிந்து அடுத்த வருசம் ஒரு பெரிய ஆபத்து வந்தது. காசு வந்தது.

சங்கத்தில் பல வருசமாக நிறுத்தி வைத்திருந்த சம்பள நிலுவையை மொத்தமாகக் கொடுத்தார்கள். இரண்டு லட்சத்துக்கு மேலே. வேறு வீடு என்றால் அன்று பாயாசம். இவர் வீட்டுக்கு வந்து கூரைப் பீலியில் ஒழுகும் தண்ணியைப் பார்ப்பது போல அந்தக் காசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு," என்றா கேதீஸ்வரி. "கொண்டு போய்க் கடனுக்குக் கட்டுங்க. பாரம் குறையட்டும்."

உதயரூபனின் மூளை ஒரு கணம் நின்று, பிறகு இரட்டை வேகத்தில் ஓடியது.

"கட்டலாந்தான். ஆனா முன்கூட்டிக் கட்டினாத் தண்டம் அறவிடுவாங்க. கட்டுற காசில பாதி தண்டத்துக்கே போயிரும்."

"அப்பிடியா?"

"பேங்க்ட சட்டம் கா. நமக்கு விளங்காது."

"அப்பிடியா," என்றா அவ இன்னொரு தரம். பிறகு கறிக்கு உப்புப் பார்க்கப் போய்விட்டா.

கேதீஸ்வரி இரண்டு தரம் 'அப்பிடியா' சொன்னால் என்ன அர்த்தம் என்பதை ஒரு புருசன் இருபத்தைந்து வருசத்தில் படித்திருக்க வேண்டும். உதயரூபன் படிக்கவில்லை.

காசு அலுமாரிக்குள் கிடந்தது. அது அங்கே கிடக்கும் மட்டும் அவருக்கு நிம்மதி இல்லை. எந்த நேரமும் பேங்குக்கு நடந்து போய்விடும் போல ஒரு பயம். இந்த நேரத்தில்தான் கேதீஸ்வரி ஒரு நாள், கொஞ்சம் தயங்கித் தயங்கி, பின்பக்கம் ஒரு சின்னக் குசினி கட்டினால் என்ன என்று கேட்டா. அவ கல்லடியில் இரண்டு சாப்பாட்டுக் கடைக்கு விடியக்காலையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவ. தினம் முந்நூறு இடியப்பம். அடுப்புப் புகை புதுச் சுவரை எல்லாம் கறுப்பாக்குது, விறாந்தை வரைக்கும் வருது என்றா.

விறாந்தை என்ற சொல்லைக் கேட்டதும் உதயரூபன் எழும்பி நின்றுவிட்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் இல்லை, ஒரு தோப்பே விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. புகையும் போகும், காசும் போகும். குசினிக்குப் போடுகிற ஒவ்வொரு சதமும் பேங்குக்குப் போகாத சதம்.

"நாலு தடி நட்டுத் தகரம் போட்டாக் காணும்," என்றா கேதீஸ்வரி.

"தகரமா? வெக்கையில நீ அவிஞ்சு போவாய். கல்லுக் கட்டி ஓடு போடுவம்."

காத்தான்குடி முனாப் வந்தான். சீமெந்து, டைல்ஸ், கம்பி என்று கடை வைத்திருக்கிற கூட்டாளி. மேசன் வேலைக்கும் ஆள் பிடித்துத் தருவான். அவனை வைத்துக்கொண்டு நடந்த பேச்சுவார்த்தை ஊரில் எந்த வீட்டிலும் நடந்திருக்காது. மனிசி குறைக்கச் சொல்லுவா. புருசன் கூட்டச் சொல்லுவார். யன்னல் ஒன்று போதும் என்றா அவ, மூன்று வை என்றார் இவர். நிலத்துக்குச் சீமெந்து பூசினால் காணும் என்றா அவ, முனாப் கடையில் இருந்து வெள்ளை டைல்ஸ் வந்து இறங்கியது. மாவு, அரிசி வைக்க ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கலாமா என்று கேட்டா. பத்தி என்ன பத்தி, எலி வரும், கதவு போட்ட அறையாகவே கட்டு என்று கட்டளை பிறந்தது. அறை என்றால் காற்று வேணும். காற்று வேணும் என்றால் மின்விசிறி வேணும். இடியப்பம் அவித்து வேர்த்துப் போகிற மனிசி குளிக்கக் கிணற்றடிக்கு நடக்கிறதா? குளியலறையும் வந்தது. குளியலறை வந்த பிறகு கக்கூசை மட்டும் ஏன் தூரத்தில் வைப்பான்?

"வேணாங்க, வீண் செலவு," என்று கேதீஸ்வரி ஒவ்வொரு தரமும் கையைப் பிசைவா. அவ கை பிசையப் பிசைய இவருக்கு வீரம் கூடும். கடைசியாக, குசினியின் முன்பக்கம் குந்தி இருந்து தேங்காய் துருவ ஒரு சின்னத் திண்டு போடலாமா என்று அவ வாயெடுக்க முதலே, கால் நீட்டுகிற அளவில் ஒரு விறாந்தை அங்கே இறங்கிவிட்டது.

முனாப் ஒரு நாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், நான் முப்பது வருசமாச் சாமான் குடுக்கிறன். இடியப்பம் அவிக்கிறதுக்குக் கக்கூசு கட்டின மனிசனை இப்பதான் காணுறன்."

"மனிசிக்குச் செய்யிறதுக்கு ஒரு மனசு வேணும் மச்சான்."

"அந்த மனசு எனக்கு வந்தா என்ட ஸஹீதா என்னை டொக்டரிட்டக் கூட்டிப் போயிருவா," என்று சொல்லிவிட்டு முனாப் பில்லை நீட்டினான். உதயரூபன் சந்தோசமாகக் கொடுத்தார். அலுமாரி காலியானது. அன்றைக்குத்தான் அவருக்கு முழு நிம்மதி. இனிக் கடன் தன் பாட்டுக்கு, ஒரு நல்ல மாடு போல, மாசத்துக்கு ஓரடி வைத்து நடந்து போகும். அவசரப்படுத்த ஆள் இல்லை.

அடுத்த வருசம் ஆவணியில் சம்பந்தம் வந்தது. இந்தத் தரம் தரகர் இல்லை. மாப்பிள்ளையின் தாயே வந்தா. தேற்றாத்தீவு இலட்சுமிப்பிள்ளை. மகன் சிவதர்ஷன் பாசிக்குடாவில் புதிதாகத் திறந்த ஹோட்டல் ஒன்றில் கணக்குப் பார்க்கிறான். ஒரு பயிற்சி வகுப்பில் மேனுகாவைக் கண்டிருக்கிறான். அதுக்குப் பிறகு அவன் தாய்க்கு முன்னால் எந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினாலும் தலைவலி என்கிறானாம். இதை இலட்சுமிப்பிள்ளை சொல்லச் சொல்ல, உள்ளே கதவுச் சேலைக்குப் பின்னால் மேனுகா நிற்பது உதயரூபனுக்குத் தெரிந்தது. சேலையின் கீழே அவள் கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. சின்ன வயதில் இனிப்புக் கேட்டுவிட்டு நிற்கிற நேரத்திலும் அந்த விரல்கள் அப்படித்தான் செய்யும்.

அவருக்கு நெஞ்சுக்குள் ஒன்று குத்தியது. பெடியன் நல்ல பெடியன். மகளுக்கும் விருப்பம். ஆனால் கால் தன் பாட்டுக்கு விறாந்தையில் நீண்டுகொண்டே போய்த் தூணில் இடிக்காமல் நின்றது. அந்தச் சுகம் குத்தை அமத்திப்போட்டது.

"வீடு வளவு விசயம் எப்பிடி அண்ணன்?" என்றா இலட்சுமிப்பிள்ளை.

உதயரூபன் முகத்தைச் செத்த வீட்டு முகமாக மாற்றிக்கொண்டார். இந்த முகத்தை அவர் கண்ணாடியில் பழகியிருந்தார்.

"என்னத்தச் சொல்ல தங்கச்சி. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? கடல் வந்த நேரம் பட்ட கடன். உறுதி பேங்கில கிடக்கு. இன்னும் ஆறு வருசம். முன்கூட்டிக் கட்டவும் விடுறாங்க இல்ல. பிள்ளைட தலைவிதி."

அவர் ஒரு பெருமூச்சும் விட்டார். நல்ல நீளமான பெருமூச்சு. அது முடிவதற்குள் கேதீஸ்வரி உள்ளே போய் வந்துவிட்டா. கையில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் மடித்த கடதாசி. அதை இலட்சுமிப்பிள்ளையின் மடியில் வைத்தா, ஒரு தட்டு இடியப்பத்தை வைப்பது போல.

"போன வெள்ளிக்கிழமைதான் எடுத்தன். உறுதி. கடன் முடிஞ்ச கடிதமும் உள்ளுக்கு இரிக்கு."

பெருமூச்சின் மிச்சம் உதயரூபனின் தொண்டைக்குள் நின்றுவிட்டது.

கதை பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. தண்டம் என்று அவர் சொன்ன அடுத்த நாளே கேதீஸ்வரி பேங்குக்குப் போயிருக்கிறா. தண்டம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறா. அங்கே இருந்த பிள்ளை சிரித்துவிட்டு, உங்கட கடனுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல அம்மா, இரிக்கிறதைக் கொண்டு வந்து எப்பவும் கட்டுங்க என்றிருக்கிறாள். அன்றிலிருந்து இடியப்பக் காசு முழுக்க மாசத்துக்கு ஒரு தரம் பேங்குக்குப் போனது. இரண்டு சீட்டு எடுத்ததும் போனது. மாவு ஒட்டுது என்று கழற்றி வைத்ததாகச் சொன்ன காப்பு இரண்டும் கடைசியில் போனது. சம்பளத்தில் கழிகிற காசு குறையாமல் அப்படியே கழிந்ததால் மனேச்சருக்கு எதுவும் தெரியவில்லை. கடன் பின்வாசலால் முடிந்துகொண்டு வந்தது. அவர் முன்வாசலில் இருந்து அதைக் காவல் காத்தார்.

"அப்ப என்ட நிலுவைக் காசையும் அதுக்கே கட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார் அவர் ஈனக்குரலில், காய்ச்சல் தொடங்குகிற ஆள் மாதிரி.

"அதைக் கட்டியிருந்தாப் பின்னுக்குக் கட்டுறதுக்கு ஆர் காசு தாற?" என்றா கேதீஸ்வரி.

அவருக்கு அது சரியாக விளங்கவில்லை. விளங்குவதற்கு முதல் கையில் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"எல்லாம் சரி. வீட்டை எழுதினாப் பிறகு நானும் நீயும் எங்க போற? இந்த வயசில ஓலைக் கொட்டில்ல குடையோட கிடக்கிறதா?"

இலட்சுமிப்பிள்ளை விறாந்தை ஓரத்தால் பின்பக்கம் எட்டிப் பார்த்தா. பார்த்தவ எழும்பியே நின்றுவிட்டா.

"அண்ணன், அங்கால அது ஆர்ர வீடு?"

"அது... குசினி."

"குசினியா?"

"ஓம். இடியப்பம் அவிக்கிற."

மனிசி நம்பவில்லை. போய்ப் பார்ப்பம் என்று இறங்கி நடந்தா. எல்லாரும் பின்னால் போனார்கள். அவ டைல்ஸைக் காலால் தடவிப் பார்த்தா. மூன்று யன்னலையும் திறந்து மூடினா. மின்விசிறியைப் போட்டா. அறைக்குள் ஒரு கட்டில் போடத் தோதாக இடம் இருப்பதைச் சாணால் அளந்தா. குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு வாயில் கையை வைத்தா. விறாந்தையில் வந்து இருந்து காலை நீட்டினா. கால் தூணில் இடிக்கவில்லை.

பிறகு கண்கலங்கி உதயரூபனின் பக்கம் திரும்பினா.

"அண்ணன், இந்தக் காலத்தில பிள்ளையைக் குடுக்கிற தகப்பன்மார் வீட்டை விட்டு எழும்பவே மாட்டன் எண்டு அழிச்சாட்டியம் பண்ணுறாங்க. நீங்க பேச்சுத் தொடங்க முதலே மகளுக்கு வீட்டை விட்டுக் குடுக்கிறதுக்கு உங்களுக்கு வீடு கட்டி முடிச்சிட்டீங்க. அதைச் சொல்லிக் காட்டாமக் குசினி எண்டும் சொல்லுறீங்க. உங்களைப் போல ஒரு மனிசனை நான் காணல்ல."

உதயரூபன் வாயைத் திறந்தார். அவர் கட்டியது எதற்காக என்ற உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், தண்டப் பொய்யையும் சொல்ல வேண்டும், எட்டு வருசக் கணக்கையும் சொல்ல வேண்டும், கண்ணாடியில் பழகிய முகத்தையும் சொல்ல வேண்டும். எதிரே மேனுகா நின்றாள். 'அப்பா' என்று மட்டும் சொன்னாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. இப்படி ஒரு தகப்பன் தனக்குக் கிடைத்திருப்பதை இத்தனை நாளும் அறியாமல் இருந்துவிட்டேனே என்று அழுகிற கண்.

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு, இதெல்லாம் ஒரு பெரிய விசயமா என்று கையை விரித்தார். அந்தக் கைவிரிப்பு மட்டும் பொய்யில்லை. உள்ளதும் போன கை அது.

மறுநாளே செய்தி ஊரெல்லாம் பரவியது. சந்தையில் கண்டவர்கள் கையைப் பிடித்தார்கள். கோயில் கூட்டத்தில் ஒருவர் அவரை உதாரணம் காட்டிப் பேசினார். பின்பக்கம் ஒதுங்க மறுத்துக்கொண்டிருந்த இரண்டு தகப்பன்மார் அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனார்கள். முனாப் மட்டும் கடை வாசலில் இருந்தபடி அவரைக் கண்டதும் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தான். கேதீஸ்வரித் தங்கச்சி முதல் நாளே தன்னிடம் முழுப் பிளானையும் கீறிக் கொண்டு வந்து காட்டிவிட்டா என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னான். அறையும் குளியலறையும் விறாந்தையும் அந்தக் கீறலில் இருந்ததாம். ஒன்றே ஒன்றுதான் இல்லையாம், மூன்றாவது யன்னல். அது மட்டும் மச்சான்ட சொந்த யோசனை என்றான்.

ஐப்பசியில் கலியாணம் நடந்தது. உதயரூபன் முன்கதவில் நின்று மாப்பிள்ளையை வரவேற்றார். நாலாம் நாள் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்கதவால் இறங்கினார். ஒரு விசயத்தில் மட்டும் அவர் வல்லிபுரத்தை விடக் கொடுத்து வைத்தவர். அன்று இரவு சோவென்று மாரி மழை கொட்டியது. ஓட்டில் சத்தம் கேட்டதே தவிர ஒரு துளி உள்ளே விழவில்லை. மூன்றாவது யன்னலால் காற்று வந்தது. கனவில் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. கடனும் இல்லை, பயமும் இல்லை. இதுவும் நல்லாத்தான் இரிக்கு, நாளைக்கு லீவு, எட்டு மணி மட்டும் படுத்துக் கிடக்கலாம் என்று நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்தார்.

விடிய அஞ்சு மணிக்கு விறகு சடசடத்தது. கண்ணை விழித்தால் அறை முழுக்க ஆவி. கட்டிலடியில் மாச் சட்டி. தலைமாட்டில் இடியப்பத் தட்டுகள் அடுக்கடுக்காக. அவர் பதறிப்போய் எழும்பி இருந்தார். இது மனிசர் படுக்கிற இடமா, என்ன வேலை இது என்று கேட்டார்.

கேதீஸ்வரி மாவைப் பிசைந்தபடியே அவரைப் பார்த்தா. "குசினி எண்டு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொன்னீங்க," என்றா. பிறகு இடியப்ப உரலில் மாவை நிறைத்து அவர் மடியில் வைத்தா.

"இன்னும் இருநூறு இரிக்கு, என்ட கையும் உளையுது. மேனுகாட அப்பா, இதை ஒருக்காப் புழிஞ்சு தாங்க."